சுரை ஆழ, அம்மி மிதப்ப

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். 17, 18 தேதிகளில் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணியில் எது கரை, எது ஆறு என்று சொல்ல முடியாத இரண்டு நாள். நான் கேட்ட கதைகளில் எனக்கு மறக்காதது ஒரு நாலாம் வகுப்புப் பையன் சொன்ன ஒற்றை வரிதான்.

"எங்க வீட்டு சிலிண்டரு மிதந்து, வாசல் வழியா வெளிய போயிட்டு அக்கா."

அவன் வெள்ளக் கதை சொல்வதற்காக அதைச் சொல்லவில்லை. என்னை மடக்குவதற்காகச் சொன்னான்.

எங்கள் ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற சின்ன ஊர். இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து, பல வருஷம் அந்தப் பட்டத்தைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராகப் பெயர் கொடுத்த பிறகுதான் அது வெளியே வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு வராந்தாவில் பதினைந்து, இருபது பிள்ளைகள் கூடிவிடுவார்கள். அன்றைக்கு மிதப்பதும் மூழ்குவதும். வாளி நிறையத் தண்ணீர். பக்கத்தில் ஆணி, அழிரப்பர், வேப்பிலை, தீப்பெட்டி, கோலிக்குண்டு. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, நான் படித்த காலத்தில் எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே சொன்னேன்: "கனமா இருக்கிறது முங்கும். லேசா இருக்கிறது மிதக்கும்."

பையன் எழுந்தான். வெள்ளத்தின்போது அவர்கள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் குடியிருந்தார்கள். சிலிண்டர் மாற்றி இரண்டே நாள், நிறை சிலிண்டர். "எங்கம்மயால அதைத் தூக்கவே முடியாது. அது மிதந்துட்டு. இந்தக் கோலிக்குண்டு முங்கிட்டு. அப்ப சிலிண்டரு லேசா?"

வராந்தா முழுக்க ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் என்னிடம் பதில் தயாராக இல்லை என்பதுதான் உண்மை. அடர்த்தி என்று ஒரு சொல் வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு, "நாளைக்குச் சொல்லுதேன்" என்று வகுப்பை முடித்தேன்.

ஏன் விழுங்கினேன் என்றால், ஒரு தடவை ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் அடர்த்தி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறேன். "முடி அக்கா" என்றாள். அவள் மேல் தப்பில்லை. விளம்பரத்தில் அந்தச் சொல் அப்படித்தான் வருகிறது. எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டியாக, பிசுபிசுவென்று இருப்பதால் அதுதான் அடர்த்தி அதிகம் என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. அப்படியானால் அது ஏன் ரசத்தின் மேலே மிதக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள்.

அதைவிடப் பெரிய வம்பு 'கனம்' என்கிற சொல்லில் இருக்கிறது. கனமாக இருக்கிறது என்றால் நமக்கு எடை. கனமான அட்டை என்றால் தடிமன். புத்தகத்தில் 'கன அளவு' என்று வந்தால் அது அடைத்துக்கொள்கிற இடம். மூன்றுக்கும் ஒரே சொல். மிதப்பதைப் புரிந்துகொள்ள எடையையும் இடத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்; நாம் கையில் கொடுக்கிற சொல்லோ இரண்டையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறது. கன அளவு என்று நாம் சொன்னதும் பிள்ளை எடை என்று எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு நாம் போடுகிற வாய்ப்பாடு எல்லாம் வீண்.

அன்றைக்கு ராத்திரி இதை ஆச்சியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரின் ஆச்சி. எண்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். "இதுக்கா ளா ஒக்காந்து யோசிக்க? தண்ணி தாங்குது. தாங்குத அளவுக்கு இருந்தா மிதக்கும். அதுக்கு மேல போனா முங்கும்" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். "நாளைக்கு அதுகள கெணத்தடிக்குக் கூட்டிட்டு வா" என்றாள்.

எங்கள் வீட்டுக் கிணற்றில் மோட்டார் போட்ட பிறகு ராட்டினத்தில் யாரும் கை வைப்பதில்லை. கயிறும் வாளியும் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் ஆச்சி முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாக வாளியை இறக்கி மொள்ளச் சொன்னாள். வாளி தண்ணீருக்குள் நிறைந்து கிடக்கிறது. மெல்ல இழு என்றாள். ஒரு விரலில் இழுக்கலாம் போல வருகிறது. வாளியின் வாய் தண்ணீர் மட்டத்தை விட்டு வெளியே வந்ததும் 'வெடுக்'கென்று ஒரு கனம் கையைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. இழுத்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி "யம்மா" என்றார்கள். சிலிண்டர்காரன் மட்டும் ஏழெட்டுத் தடவை இறக்கி ஏற்றினான். வாளி பாதி வெளியே வரும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான்.

"தண்ணிக்குள்ள இருக்கிற மட்டும் அது தாங்கிக்கிடும். தண்ணிய விட்டு வந்தா நீதான் தாங்கணும்" என்றாள் ஆச்சி.

குழாயில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கை அனுபவம் கிடையாது. என் தலைமுறைக்கு இருந்தது. அதற்கும் புத்தகத்தில் படித்த மிதப்பு விசைக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மிதப்பு விசை என்று சொல்லித் தருகிறோம். 'தாங்கல்' என்று சொல்லியிருந்தால் நாலாம் வகுப்பிலேயே முடிந்திருக்கும்.

சரி, தண்ணீர் எவ்வளவு தாங்கும்? அடுத்த கேள்வி அதுதானே. பழைய இரும்புக் கடை அண்ணாச்சியிடம் கொக்கி வைத்த டிஜிட்டல் தராசை ஒரு சாயங்காலத்துக்கு இரவல் வாங்கினேன். எடை போட ஆச்சியின் அம்மிக் குழவி. கயிறு கட்டிக் கொக்கியில் மாட்டினோம்: 4 கிலோ 200 கிராம். அப்படியே விளிம்பு வரை நிறைந்த வாளிக்குள் மெல்ல இறக்கினோம், குழவி முழுசாக உள்ளே போகிற வரைக்கும். தராசில் எண்கள் கடகடவென்று இறங்கி 2 கிலோ 650 கிராமில் நின்றது. குழவி தேயவில்லை, உடையவில்லை. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காணோம்.

"வாளிதான் தின்னுட்டு" என்றது ஒரு வால்.

வாளியைப் பெரிய பேசினுக்குள் வைத்திருந்தோம். குழவி உள்ளே போனபோது வழிந்த தண்ணீர் பேசினில் நின்றது. அதை ஒரு பாலித்தீன் பையில் ஊற்றி அதே கொக்கியில் மாட்டினோம். ஒன்றரைக் கிலோ. காணாமல் போன எடைக்கும் இதற்கும் 50 கிராம் வித்தியாசம். அந்த 50 கிராம் தரையில் சிந்திக் கிடந்தது. அதைச் சொன்னதும் பிள்ளைகள்தான். எவ்வளவு தண்ணீரைக் கல் விலக்குகிறதோ அவ்வளவு தண்ணீரின் எடையை மிச்சத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு 200 வருஷத்துக்கும் முன்னால் சிராக்கூஸ் ஊரில் இருந்த ஆர்க்கிமிடிஸ் கண்டுபிடித்தது இதைத்தான். அவர் குளியல் தொட்டியிலிருந்து அம்மணமாக எழுந்து ஓடிய கதையை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. அதைச் சொன்னால் பிள்ளைகள் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். தவிர, அந்தக் கதையை எழுதி வைத்ததே அவர் செத்து ஏறக்குறைய 200 வருஷம் கழித்து வந்த ரோமாபுரிக் கட்டடக்காரர் ஒருவர்தான்.

இப்போது சிலிண்டருக்கு வருவோம். எங்கள் அடுக்களைச் சிலிண்டரை வராந்தாவுக்கு உருட்டி வந்து, அதன் மேல் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். காலிச் சிலிண்டரின் எடை பதினைந்தரைக் கிலோ, உள்ளே வாயு 14.2 கிலோ. இரண்டும் சேர்த்து 30 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அது அடைக்கிற இடம் எவ்வளவு? உள்ளே மட்டும் 33 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தகட்டின் பருமனையும் சேர்த்தால் 35 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்றால், இரண்டு குடத்துக்கும் மேலே. அவ்வளவு தண்ணீரை விலக்கினால் 35 கிலோவைத் தண்ணீர் தாங்கும். சிலிண்டரோ 30 கிலோதான்.

பையன் விரல் விட்டு எண்ணினான். "இன்னும் அஞ்சு கிலோ ஏத்துனாலும் மிதந்திருக்கும்" என்றான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. கப்பல்காரர்கள் போடுகிற கணக்கு அதுதான்.

கோலிக்குண்டு விஷயம் பாக்கி இருந்தது. அது விலக்குகிற தண்ணீர் ஒரு சிட்டிகை. தன் எடையோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தாங்க முடியாது.

ஆனால் எல்லாவற்றையும் தண்ணீரில் முக்கி, வழிவதைப் பிடித்து நிறுத்துக்கொண்டிருக்க முடியுமா? ஒரே அளவு இடத்தில் எது எவ்வளவு எடை என்று பார்க்கச் சுலபமான வழி வேண்டும். ஆச்சியின் அரிசிப் பானைக்குள் கிடந்தது பித்தளை உழக்கு. நாலு உழக்கு ஒரு நாழி. நம் ஆட்கள் கிலோ வருவதற்கு முன்னால் நெல்லையும் எண்ணெயையும் பாலையும் அளந்தது எடையில் இல்லை, இடத்தில்தான். உழக்கு என்பதே 'இவ்வளவு இடம்' என்பதற்கு ஒரு பெயர். அடர்த்தி பாடம் நடத்த இதைவிடப் பொருத்தமான கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

உழக்கு நிறையத் தண்ணீர், உழக்கின் எடை போக, 330 கிராம். அதே உழக்கில் தேங்காய் எண்ணெய் 305. ஆற்று மணல் 530. மரத்தூள் 70 கூட வரவில்லை. தண்ணீரைவிடக் கூடினால் முங்கும், குறைந்தால் மிதக்கும் என்று பிள்ளைகளே சட்டம் எழுதிவிட்டார்கள். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அரிசியை அளந்தாள். 265 கிராம்.

"தண்ணியவிட கம்மியாத்தான் இருக்கு. அப்ப அரிசி களையும்போது மிதக்கணுமே அக்கா? அடியிலல்லா கெடக்கு?"

சட்டம் எழுதி அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை, பதில் தெரிந்தும். அவர்களே மல்லுக்கட்டட்டும் என்று விட்டேன். அரிசி தண்ணீரைக் குடிக்கிறது என்றான் ஒருவன். தவிடு கலந்திருக்கிறது என்றான் இன்னொருவன். கடைசியில் அந்தப் பெண்ணே, அரிசி நிறைந்த உழக்கில் டம்ளரால் மெல்லத் தண்ணீர் ஊற்றினாள். உழக்கு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. முக்கால் டம்ளர் உள்ளே போன பிறகுதான் வழிந்தது. அரிசிக்கும் அரிசிக்கும் நடுவே அவ்வளவு காற்று. உழக்கு நிறைய நாம் அளந்தது பாதிக்குக் கொஞ்சம் அதிகமான அரிசியும் மிச்சம் காற்றும். காற்றைக் கழித்துப் பார்த்தால் அரிசி தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கிட்ட வரும்.

அந்தச் சாயங்காலம் நான் உருப்படியாகச் செய்த காரியம் சும்மா இருந்ததுதான்.

எல்லா நாளும் இப்படி ஜெயித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். முட்டைப் பாடத்தில் மானம் போனது. நல்ல தண்ணீரில் முட்டை முங்கும். உப்பைக் கரைக்கக் கரைக்க மேலே எழும். எல்லா ஊரிலும் காட்டுகிற வித்தைதான். வகுப்புக்கு வருகிற வழியில் ஒரு கடையில் இரண்டு முட்டை வாங்கி வந்து, "பாருங்க, இப்ப முங்கும்" என்று பலமாகச் சொல்லிவிட்டு டம்ளரில் போட்டேன். முட்டை ஜம்மென்று மிதந்தது. இரண்டாவதும் மிதந்தது. உப்பு டப்பாவை இன்னும் திறக்கவே இல்லை.

"அக்கா, அது கூழ் முட்டை" என்றது பின்வரிசை. உடைத்துப் பார்த்தோம். வராந்தாவில் யாரும் உட்கார முடியவில்லை. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நாள் ஆக ஆக உள்ளே இருக்கிற ஈரம் அது வழியாகக் கசிந்து போய், அந்த இடத்தில் காற்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓடு அதே அளவுதான்; எடை குறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் எந்தக் கடை முட்டை வாங்கினாலும் இப்போது தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் அடுப்பில் வைப்பதில்லை.

மறுநாள் நல்ல முட்டையோடு என் மாமனாரே வந்தார். அவருக்கு இது வித்தை இல்லை, தொழில். பிசானப் பருவத்துக்கு விதை நெல் எடுக்கும்போது ஒவ்வொரு வருஷமும் செய்கிறதுதான். 10 லிட்டர் தண்ணீரில் முட்டையைப் போட்டு, கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பார். ஒன்றரைக் கிலோ சுமார் போகும். முட்டையின் தலை தண்ணீருக்கு மேலே நாலணா அகலத்துக்குத் தெரிந்தால் பதம். (நாலணாவே இப்போது செல்லாது; பிள்ளைகளுக்குக் காட்ட வீடு முழுக்கத் தேட வேண்டியிருந்தது.) அப்புறம் முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுவார். சாதாரணத் தண்ணீரில் பதர் மட்டும்தான் மிதக்கும். உப்புத் தண்ணீரில் அரைகுறையாகப் பால் பிடித்த கருக்காயும் மேலே வந்துவிடும். அடியில் தங்குகிற மணிதான் விதை. அதை உப்புப் போக இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி எடுப்பார். முட்டை அங்கே அளவுகோல் மாதிரி. தண்ணீர் எவ்வளவு தாங்குகிறது என்று அது சொல்லிவிடுகிறது.

தூத்துக்குடி உப்பளத்தில் என் சித்தப்பா பல வருஷம் வேலை பார்த்தார். அங்கே முட்டைக்குப் பதில் கண்ணாடிக் குழல். பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு "டிகிரி" பார்ப்பார்கள், அதாவது தண்ணீரின் அடர்த்தி. கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி. வெயிலில் வற்ற வற்றக் குழல் மேலே எழும்பி, 25 டிகிரி வந்தால் உப்பு விளையத் தொடங்கும். சின்ன வயசில் நான் அதை வெயிலின் டிகிரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பால் சொசைட்டியில் தினமும் காலையில் முக்குகிற குழலும் இதே சாதிதான். தண்ணீர் கலந்த பாலில் அது கொஞ்சம் கூடுதலாக முங்கும். இதைச் சொன்னதும் இரண்டு பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

இரும்புக் கப்பலைப் பற்றிக் கேள்வி வராமல் இருக்குமா? வ.உ.சி. பிறந்தது ஓட்டப்பிடாரத்தில். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, அடுத்த வருஷம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தவர். இங்கே எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் ஒரு ஆணி முங்கும்போது அவ்வளவு இரும்பு எப்படி மிதந்தது என்று நான் படிக்கிற காலத்தில் எனக்கும் தோன்றவில்லை. களிமண்ணில் காட்டலாம் என்று குளத்து மண்ணை உருட்டிப் போட்டேன். முங்கியது. அதே மண்ணைக் கிண்ணம் மாதிரிப் பிடித்து விட்டேன். மிதந்தது, சரி. மூன்று நிமிஷத்தில் கரைந்து கூழாகிவிட்டது. சுடாத மண் தண்ணீரில் என்ன ஆகும் என்று காருக்குறிச்சியில் எந்தக் குயவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். அப்புறம் அடுக்களையிலிருந்து இரும்புச் சட்டியை எடுத்து வந்து ஒப்பேற்றினேன். சட்டி மிதந்தது. அதன் பக்கத்தில் அதைவிட எடை குறைந்த இரும்புக் கரண்டி முங்கியது. உள்ளே இருக்கிற காற்றையும் சேர்த்துத்தான் சட்டி இடம் பிடிக்கிறது. தண்ணீருக்கு அது இரும்பா, காற்றா என்பதைப் பற்றிக் கவலையில்லை.

"ராமேஸ்வரத்துல தொட்டியில கல்லு மிதக்குதே?" என்று ஒருவன் கேட்டான். கல்லைத் திருப்பிப் பார்த்தாயா என்று கேட்டேன். "ஓட்ட ஓட்டயா இருந்துது" என்றான். சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்கே புரிந்துவிட்டது. உடனே அடுத்தவன், "அப்பரைக் கட்டிப் போட்ட கல்லுலயும் ஓட்ட இருந்துச்சா?" என்றான். அதற்கு ஆச்சி முந்திக்கொண்டாள். "அது பக்தி ல. அத வாளியில போட்டுப் பாக்கக்கூடாது."

மனுஷன் மிதப்பானா, முங்குவானா? இந்தக் கேள்வியை நானே கேட்டேன். ஆற்றங்கரையில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது வெறும் பாடம் இல்லை. பாறை இடுக்கில் கசம், அதாவது ஆழமான மடு, எங்கே இருக்கிறது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். மணல் அள்ளிய பள்ளங்களோ யாருக்கும் தெரியாது. முழங்கால் தண்ணீர் என்று நடந்து போகிற பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போகும். ஒவ்வொரு கோடை லீவிலும் எங்கேயாவது ஒரு வீட்டில் ஒப்பாரி கேட்கிறது.

நம் உடம்பு, உழக்குக் கணக்கில் பார்த்தால், தண்ணீருக்குக் கிட்டத்தட்டச் சரிசமம். மூச்சை நிறைய இழுத்து வைத்தால் ஒரு இழை மேலே; விட்டால் ஒரு இழை கீழே. அதனால்தான் முங்குகிறவன் கையை மேலே தூக்கிக் கத்துவது அவனுக்கே வினையாகிறது. வெளியே வந்த கையைத் தண்ணீர் தாங்காது. கிணற்று வாளி மாதிரி அதன் கனம் முழுக்க உடம்பின் மேல் இறங்கி, மூக்கை உள்ளே அழுத்தும். கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, நெஞ்சில் மூச்சை நிறைத்து, மல்லாக்கக் கிடந்தால் முகம் வெளியே நிற்கும். இதை வராந்தாவில் சொல்லி ஒன்றும் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஏட்டுச் சுரைக்காய்தான். ஆகவே என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில், பெற்றவர்கள் வரச் சம்மதித்த பிள்ளைகளை மட்டும், இடுப்பளவு தண்ணீரில் காலி பிளாஸ்டிக் கேன் கட்டி இறக்குகிறார். அவர் காலத்தில் முதுகில் கட்டியது சுரைக்குடுக்கை.

சுரைக்குடுக்கை என்றதும் எனக்குத் தமிழய்யா ஞாபகம் வந்தார். பொருள்கோள் நடத்தும்போது 'மொழிமாற்று'க்கு ஒரு உதாரணம் சொல்வார். "சுரை ஆழ அம்மி மிதப்ப" என்று தொடங்கும். அப்புறம் யானைக்கு நீத்து, முயலுக்கு நிலை என்று வரும். சுரைக்காய் முங்குமாம், அம்மி மிதக்குமாம். யானைக்கு நீந்த வேண்டிய ஆழம், முயலுக்கு நிற்கிற ஆழமாம். அப்படியே படித்தால் பொருந்தாது. சொற்களை இடம் மாற்றிச் சுரை மிதப்ப, அம்மி ஆழ என்று கொள்ள வேண்டும். தேர்வுக்காக உருப்போட்டதோடு சரி. இப்போது அதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். அரிசி அளந்த பெண் கேட்டாள்: "மாத்தாமலே செஞ்சு பாத்தா என்ன அக்கா?"

வயலில் மோட்டார் ரூமை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு, இடுப்பளவு ஆழம். ஒரு சனிக்கிழமை காலையில் போனோம். காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றின் வாயைச் சீவி, ஈர மணலைத் திணித்து அடைத்தோம். தொட்டியில் போட்டதும் இரண்டு குமிழி விட்டு அடிக்குப் போய்விட்டது. சுரை ஆழ்ந்தாயிற்று. அடுத்து அம்மி. அடுக்களைக்குப் பின்னால் ஆச்சி வருஷக்கணக்காக அரைத்து நடுவில் குழி விழுந்த அம்மி. அவளிடம் கேட்காமல்தான் டிவிஎஸ் பிப்டியில் வைத்துக் கொண்டுபோனோம். நிறுத்தால் 28 கிலோ. கல்யாண வீட்டு அலுமினிய அண்டா 6 கிலோ. இரண்டும் சேர்ந்து 34. அண்டாவின் அகலத்தை அளந்து, எவ்வளவு முங்கும் என்று தரையில் கரிக்கட்டையால் கணக்குப் போட்டார்கள். 12 சென்டிமீட்டர் வந்தது. அண்டாவின் வெளிப்பக்கம் 12-இல் சாக்பீஸ் கோடு.

என் வீட்டுக்காரரும் பக்கத்து வயல் மாமாவும் அண்டாவைத் தொட்டியில் பிடித்துக்கொள்ள, அம்மியை நடுவில் இறக்கினோம். அண்டா ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மியை இரண்டு விரற்கடை நகர்த்தியதும் நேராகி, மெல்ல அசைந்துகொண்டு நின்றது. சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு நூல் கீழே தண்ணீர். அம்மி மிதந்தது.

சிலிண்டர்காரன் மட்டும் கை தட்டவில்லை. தொட்டிச் சுவரில் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு கோடு போட்டான். "இப்ப அம்மிய அண்டாவுலருந்து எடுத்துத் தண்ணிக்குள்ள போட்டா, இந்தக் கோட்டுக்கு மேல ஏறுமா, எறங்குமா அக்கா?"

ஏறும் என்றேன். கல் உள்ளே போகிறதே. என் இயற்பியல் பட்டம் சாட்சி. அவன் "எறங்கும்" என்றான். பாதிப் பேர் அவன் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். அம்மியைப் புரட்டி, உடையாமல் கயிற்றில் அடிவரை இறக்கினார்கள். அலை அடங்கக் காத்திருந்தோம். தண்ணீர் கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நின்றது. மிதக்கும்போது அம்மி தன் எடைக்கு எடை, 28 லிட்டரை விலக்கியிருந்தது. அடியில் கிடக்கும்போது அது தன் உடம்பு இடத்தை, பத்துச் சொச்சம் லிட்டரை மட்டுமே விலக்குகிறது. அவனே சொன்னான், இப்படிச் சொற்களில் இல்லை, கையை விரித்தும் சுருக்கியும் காட்டி.

நாங்கள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரப்பில் ஆச்சியின் குரல். "ஏளா, துவையலுக்குத் தேங்காயக் கீறி வச்சிட்டு நிக்கேன். எங்க ளா ஏன் அம்மி?"

இரண்டு ஆண்களும் தொட்டிக்குள் இறங்கினார்கள். குனிந்து பிடித்துத் தூக்கினார்கள். லேசாக வந்தது. தண்ணீர் மட்டத்துக்கு வந்தபோது மாமா, "பிடி, பிடி, பிடி" என்று கத்தினார்.